மினுக்கத்தை அடக்கிய கண்ணாடி

கோடை இரவில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்போர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. நாள்மீன்கள் மினுக்கும்; கோள்மீன்கள் பெரும்பாலும் மினுக்கா. கவிஞர்க்கு அழகாகத் தோன்றும் இம்மினுக்கம் வானநூலார்க்கோ தீராத தலைவலியாகவே இருந்து வந்தது. பல்லாண்டுகள் வெட்டவெளியில் பழுதின்றிப் பயணம் செய்த விண்மீன் ஒளி, நம் கண்ணை அடைவதற்குச் சற்று முன்னர்க் காற்று மண்டலத்துட் புகுந்து கசங்கி விடுகிறது. வெப்பமும் குளிர்ச்சியும் கலந்த காற்று ஒளியின் வழியை ஓயாது மாற்றுவதே இதற்குக் காரணமாகும்.

1704-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஒளியியல் நூலில் நியூட்டன் இதனை எடுத்துரைத்தார். உயர்ந்த மலையுச்சிகளில் உள்ளது போன்ற அமைதியான காற்று ஒன்றே இதற்கு மருந்து என்பது அவர் கருத்து. பின்னாளில் வானாராய்ச்சி நிலையங்கள் மலையேறின. ஆயினும் குறை முற்றிலும் தீரவில்லை. 1948-இல் கலிபோர்னியாவின் பாலோமார் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டது. மிக மங்கிய பொருள்களையும் அது காட்டிற்று. ஆனால் உருவத்தின் கூர்மையில் ஒரு சிறு தொலைநோக்கியைப் பெரிதும் விஞ்ச அதனால் இயலவில்லை. அவ்வளவு பெரிய கண்ணாடிக்கும் காற்று வழி விடவில்லை!

வழி சொன்னவர் ஹொரேஸ் பாப்காக். இவர் தந்தையாரும் மவுண்ட் வில்சன் நிலையத்து வானநூலாரே. காற்றைத் திருத்த இயலாது; கசங்கி வந்த ஒளியைத் திருத்தலாமே என்று 1953-இல் இவர் எழுதினார். ஒளி எங்கெங்கே எவ்வளவு கசங்கியுள்ளது என்பதை ஒரு கருவி அளக்க வேண்டும். அதற்கு நேர்மாறாக ஒரு கண்ணாடியின் முகம் உடனே நெளிந்து கொடுக்க வேண்டும். கண்ணாடி மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் பரப்பி, எலெக்ட்ரான் கற்றையால் அதனை நெளியச் செய்யலாம் என்றும் அவர் கூறினார். காற்றோ நொடிக்குப் பல நூறு முறை தன் கோலத்தை மாற்றுவது. அந்த விரைவில் அளந்து கணக்கிட அன்று கருவி ஏது? இன்று தகவமைப்பு ஒளியியல் என வழங்கும் துறை, இவ்வாறு ஒரு கட்டுரை அளவிலேயே நின்று போயிற்று.

அதனை முதலிற் கையில் எடுத்தவர் வானநூலார் அல்லர், அமெரிக்கப் படைத்துறையினர். சோவியத் துணைக்கோள்களைத் தரையிலிருந்தே தெளிவாகப் படமெடுக்க அவர்கள் விரும்பினர். 1982-இல் ஹவாய்த் தீவுகளில் உள்ள ஹலேயாகலா மலையில் இத்தகைய கருவி இயங்கிற்று. ஆனால் ஓர் இடர்ப்பாடு. கசங்கலை அளப்பதற்கு, பார்க்கும் பொருளின் அருகே ஒளிமிக்க விண்மீன் ஒன்று வேண்டும். வானத்தின் பெரும்பகுதியில் அப்படி ஒன்று இராது. இல்லையேல் நாமே ஒரு மீனைப் படைத்தால் என்ன? எரிகற்கள் விட்டுச் செல்லும் சோடியம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய அடுக்காக உள்ளது. லேசர்க் கதிரால் அதனைத் தூண்டினால் மஞ்சளாக ஒளிரும். நம் தெருக்களில் முன்பு எரிந்த சோடிய விளக்கின் அதே மஞ்சள்தான். இந்த யோசனையை வில்லியம் ஹாப்பர் 1982-இல் வழங்கினார். தாழ்ந்த உயரத்துக் காற்றில் சிதறி மீளும் லேசர் ஒளியைக் கொண்டு, 1983-இல் ராபர்ட் ஃபியூகேட் நியூ மெக்சிகோவில் செயற்கை மீன் பயன்படும் எனச் சோதித்துக் கண்டார். அனைத்தும் மறைபொருள்!

இதனை அறியாத பிரெஞ்சு அறிஞர் ஃபுவா, லாபேரி இருவரும் 1985-இல் இதே கருத்தைத் தாமாகவே கண்டு வெளிப்படையாக அச்சிட்டனர். உண்மை அறிந்தோர் கடல் கடந்து இதனைப் படித்தும் வாய் திறக்க இயலாதிருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். 1989 அக்டோபரில் பிரான்சின் ஓத் பிரோவான்சு நிலையத்தில், 19 இயக்கிகள் தாங்கிய நெளிகண்ணாடி, இயற்கை விண்மீனையே துணையாகக் கொண்டு தெளிந்த உருவத்தைத் தந்தது. அமெரிக்க மறைபொருளின் திரை 1991 மே மாதத்தில்தான் விலகியது. படைத்துறைப் பணம் இல்லையேல் கருவிகள் இத்துணை விரைவில் உருவாகியிரா என்பாரும் உளர், அதனை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரே சுவரின் இருபுறமும் இரு சாரார் ஒரே கிணற்றைத் தோண்டினர் என்பதும் மெய்யே.

இன்று பெரிய நிலையங்களில் லேசர் எய்யும் இரவுப் பணி எளிதன்று. கதிர் வானூர்தி ஓட்டிகளின் கண்ணிற் பட்டுவிடலாகாது என்று ஹவாயின் கெக் நிலையத்தில் முன்னர் ஆட்கள் கடுங்குளிரில் வெளியே நின்று வானத்தைக் காவல் காத்தனர். பின்னர் அப்பணியைத் தானியங்கிக் கருவிகள் ஏற்றன. துணைக்கோள்கள் மீதும் கதிர் படலாகாது. அதற்கென முன்கூட்டியே இலக்குகளைத் தெரிவிக்க வேண்டும். முகில் வந்தால் எல்லாம் நிறுத்தம்.

அவ்வுழைப்பின் பயன் சிறிதன்று. நம் பால்வீதியின் நடுவண், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு விண்மீன் 16 ஆண்டுகளில் ஒருமுறை எதையோ சுற்றி வருகிறது. சுற்றப்படுவது கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் நிறையோ ஞாயிற்றைப்போல் 40 இலட்சம் மடங்கு. ஆன்ட்ரியா கெஸ் கெக் நிலையத்திலும், ரைன்ஹார்ட் கென்சல் சிலி நாட்டிலும் தத்தம் குழுவினருடன் நெளிகண்ணாடிகளின் துணையால் இதனை அளந்தனர். 2020-இல் நோபல் பரிசின் ஒரு பாதி இவ்விருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பாப்காக் 2003-இல் தமது 90-ஆம் வயதில் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அவர் ஒரு காலத்தில் தலைமை தாங்கிய பாலோமாரின் 200 அங்குலத் தொலைநோக்கியிலும் நெளிகண்ணாடி பொருத்தப்பட்டிருந்தது.