உடல் எடைக் கணக்கு வந்த வரலாறு



கிளினிக்குக்குப் போகும் பெண்களை மிஸ்ஸி முதலில் நிறுத்துப் பார்க்கிறார். பிறகு சுவரோரம் நிற்க வைத்து உயரத்தை அளக்கிறார். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுத்து ஓர் எண்ணை அட்டையில் குறிக்கிறார். உடல் நிறைக் குறியீட்டெண் என்பது அதன் பெயர், பி.எம்.ஐ. என்றால் பலருக்கும் விளங்கும். அது எங்கிருந்து வந்தது என்று இன்று பார்ப்போம்.

இதைக் கண்டவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியம் நாட்டில் 1796இல் பிறந்த அடோல்ஃப் கெத்லே என்ற வானியல் அறிஞர். விண்மீன்களைக் கணக்கிட்ட முறையாலேயே மனிதரையும் கணக்கிட்டு, 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடினார். ஆண், பெண் இருபாலாரையும் அவர் அட்டவணைப்படுத்தினார். வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே கூடுகிறது என்று 1830களில் எழுதினார். யார் பருமன், யாருக்கு நோய் வரும் என்பதெல்லாம் அவருடைய கேள்வியே அல்ல.

பின்னர் அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்கள் எடை அட்டவணைகளை வெளியிட்டன. காப்புறுதி எடுக்க வசதியுள்ளவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அதில் குறை கண்ட மின்னசோட்டா பல்கலைக்கழகத்து ஏன்சல் கீஸ், ஐந்து நாடுகளில் 7,000க்கு மேற்பட்டோரின் அளவுகளை ஒப்பிட்டு, கெத்லேயின் கணக்கே மேல் என்று 1972இல் அறிவித்தார். இன்றைய பெயரைச் சூட்டியவரும் அவரே. ஆனால் அந்த 7,000 பேரும் ஆண்கள்! வீட்டில் பாதிப் பேரை விட்டுவிட்டுப் போட்ட கணக்கல்லவா இது?

எண் ஒன்றாக இருந்தாலும் ஆணைவிடப் பெண்ணின் உடலில் கொழுப்பு அதிகம், அது இயற்கை. மாதவிலக்கு நின்ற பிறகு அக்கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. தசை எது, கொழுப்பு எது என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. பால் வாளி சுமந்து உரமேறிய உடலும் வயிறு பருத்த உடலும் அதற்கு ஒன்றுதான். கர்ப்பிணிகளுக்கோ இது பொருந்தவே பொருந்தாது.

25க்கு மேல் போனால் அதிக எடை என்பது உலகப் பொது அளவு. ஆசிய மக்களுக்கு அதற்கு முன்பே இனிப்புநீர், இருதய நோய் அபாயம் கூடுகிறது என்பதால், 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கை அளவுகளாகக் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. ஒன்றரை மீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு எண் 24. பொது அளவில் குறையில்லை; நம் அளவில் கவனிக்க வேண்டிய இடம். அட்டையைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பிவிடும் தாய்மார்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 18.5க்குக் கீழே இறங்கினால் அது மெலிவு. அதுவும் நல்லதல்ல.

ஆகவே தையல் நாடாவையும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாது. ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அதைத் தாண்டியிருந்தால், அட்டையில் எந்த எண் இருந்தாலும், அடுத்த முறை கிளினிக்கில் இரத்தத்தில் சர்க்கரையையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.