கிறித்து பிறப்பு விழாவும் ஞாயிற்று விழாவும்

டிசம்பர் 25ஆம் நாளில் கிறித்தவர் கொண்டாடும் கிறித்து பிறப்பு விழா, பண்டை உரோமர் ஞாயிற்றுக்கு எடுத்த விழாவின் மறுவடிவமே என்னும் கருத்துப் பலராலும் கூறப்பட்டு வருகின்றது. அதற்குரிய சான்றுகள் யாவை, அவை எக்காலத்தன என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

நற்செய்தி நூல்கள் கிறித்து பிறந்த நாளைக் குறிக்கவில்லை. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அலெக்சாந்திரியக் கிளமெண்டு, சிலர் அந்நாளை மே 20க்கு நிகரான எகிப்திய நாளாகக் கணித்தனர் என்பர். மூன்றாம் நூற்றாண்டினரான ஓரிகன், பிறந்தநாள் கொண்டாடுதல் பார்வோன், ஏரோது போன்றோர் செயல் என இகழ்ந்தார். எனவே, இவ்விழா தொடக்கந்தொட்டு வந்ததன்று என்பது தெளிவு.

டிசம்பர் 25இல் விழா நிகழ்ந்தமைக்குரிய மிகப் பழைய சான்று, கி.பி. 354இல் உரோமில் உருவான தொகுப்பு நூலொன்றில் உள்ளது. சமயத்தின் பொருட்டு உயிர் நீத்தோர் நாள்களைக் கூறும் அதன் பட்டியல், கிறித்துவின் பிறப்பைத் தலைமையாகக் கொண்டு தொடங்குகின்றது. அப்பட்டியல் 336ஆம் ஆண்டளவில் அமைந்தது என்பர் ஆராய்ச்சியாளர். அதே தொகுப்பிலுள்ள அரசு நாட்காட்டி, அந்நாளை 'வெல்லற்கரியோன்' பிறந்த நாள் எனக் குறித்து, முப்பது தேரோட்டங்களையும் சுட்டுகின்றது. வெல்லற்கரியோன் ஞாயிறே என்பது பெரும்பாலோர் கொள்கை. இருவிழாவிற்கும் முதற்சான்று ஒரே நூலினுள் இருத்தல் காண்க. பேரரசன் ஆரீலியன் 274இல் ஞாயிற்றுக்குக் கோயில் எடுத்தான் என்பது உண்மை. ஆயின், டிசம்பர் 25இல் விழா வகுத்தான் எனக் கூறும் அக்காலச் சான்று இல்லை. சாட்டர்னேலியா விழாவோ டிசம்பர் 17இல் தொடங்கி 23ஆம் நாளளவில் முடிவது.

ஞாயிற்று விழா நாளைத் திருச்சபையார் தமதாக்கினர் என வெளிப்படையாக உரைக்கும் குறிப்பு, 12ஆம் நூற்றாண்டுச் சிரிய ஆசிரியர் தியோனீசியு பார் சலீபியின் நூற்படியொன்றின் ஓரத்தில் பிறரால் எழுதப்பட்டது. நிகழ்ச்சிக்கு எண்ணூறு ஆண்டளவு பிற்பட்ட அக்குறிப்பை மட்டும் கொண்டு முடிவு துணிதல் ஆகாது.

பிரெஞ்சு அறிஞர் துசேன் 1889இல் வேறொரு விளக்கம் தந்தார். கிறித்து இறந்த நாளாகக் கருதப்பட்ட மார்ச் 25ஆம் நாளே கருவுற்ற நாளுமாகும் எனப் பண்டையோர் கொண்டனர். அதிலிருந்து ஒன்பது திங்கள் எண்ண டிசம்பர் 25 வரும் என்றார். இக்கணக்கு அகஸ்டீன் நூலில் காணப்படினும், அவர் 336க்குப் பிற்பட்டவர். மேலும், உரோமர் மரபில் மார்ச் 25 பகலும் இரவும் ஒத்த நாள்; டிசம்பர் 25 பகல் மிகக் குறுகிய நாள். ஆதலின், எவ்விளக்கத்தைக் கொள்ளினும் ஞாயிற்றின் தொடர்பை முற்றும் விலக்கல் இயலாது. கடன் கொண்டனர் என உறுதி கூறலும் இயலாது.

இனி, விழாவின் பொருளை நோக்குவோம். ஞாயிற்றின்பொருட்டன்று, அதனைப் படைத்தவன்பொருட்டே இந்நாளைப் போற்றுக என அகஸ்டீன் அறிவுறுத்தினார். ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் லியோ, பேதுரு கோயிற் படிகளில் நின்று ஞாயிற்றை வணங்கிய கிறித்தவரைக் கடிந்தார். பழவழக்கு நின்று நிலவியதும், சான்றோர் வேறுபாட்டை உணர்ந்திருந்ததும் இவற்றாற் பெறப்படும். இறைவன் மனிதனாய்ப் பிறந்தான் என்னும் நம்பிக்கையே விழாவின் உயிர். ஆர்மீனியத் திருச்சபையார் இன்றும் சனவரி 6இல் இப்பிறப்பைக் கொண்டாடுகின்றனர். நாள் வேறுபடினும் பொருள் வேறுபடவில்லை.

தோற்றத்தையே பொருளாகக் கொண்டமையாற் கேடும் விளைந்தது. விவிலியத்தில் இவ்விழாவிற்குக் கட்டளை இல்லை, இது புறச்சமய வழக்கு என்றெல்லாம் கருதிய தூய்மைவாதியர், மசாசூசெட்சுக் குடியேற்றத்தில் 1659இல் இதனைத் தடுத்து ஐந்து சில்லிங்கு தண்டம் விதித்தனர். 1681இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

எண்ணெய் என்பது எள்ளின் நெய்யையே முதலிற் குறித்தது. இன்று தேங்காய் எண்ணெய் என்பாரை, எள்ளை மறந்தார் எனக் குறை கூறுவார் இலர். சொல்லின் வேரை அறிதல் ஆராய்ச்சி. அதன் பொருளை வழங்குவோர் வாயிற் கேட்டல் முறைமை. விழாவிற்கும் இஃது ஒக்கும்.