‘சுராங்கனி’ யாருடைய பாட்டு?



போன கிழமை தரம் 10 பிள்ளைகளிடம் ‘சுராங்கனி’ பாட்டு யாருடையது என்று கேட்டோம். “இளையராஜா சேர்” என்று வகுப்பே சொன்னது. பிள்ளைகளில் பிழையில்லை, நாம்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழ்நாட்டுப் படத்தில் இளையராஜா இசையில் அந்தப் பாட்டு வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே அது இங்கே மேடைகளில் ஒலித்தது. அதைத் தமிழ் மக்களிடம் கொண்டுபோனவர் நம் நாட்டுப் பாடகர் ஏ.ஈ. மனோகரன். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த கதைதான் பாட்டு. சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் கலந்து வரும். நம் கடற்கரையில் மீன் விலை பேசும்போது இரண்டு மொழியும் கலப்பதில்லையா, அதுபோல.

அதன் தாளம் பைலா. போர்த்துக்கீசர் காலத்து இசையிலிருந்து வளர்ந்தது. பொலிஸில் வேலை செய்த வோலி பஸ்தியான் அதைச் சிங்களத்தில் பிரபலமாக்கினார். 1960களில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் உலகைச் சுற்றிய காலத்தில், நம் இளைஞர்களும் கிற்றாரைத் தூக்கினார்கள். அப்படிப் பிறந்தவைதான் ஈழத்துப் பொப் பாடல்கள். துள்ளிசை என்றும் சொல்வார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ வீடு வீடாகப் போனது. நம் திருகோணமலையிலிருந்தே பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் வந்தார்கள். பரமேஷ் பாடிய ‘உனக்குத் தெரியுமா’ இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

1970க்குப் பிறகு அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு போட்டது. அந்த இடைவெளியில் உள்ளூர்க் கலைஞர்கள் மூச்சுவிட்டார்கள். இலங்கை வானொலியும் அவர்கள் பாட்டைப் போட்டது. ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்று பெயரெடுத்த மனோகரன், செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய ‘வாடைக்காற்று’ (1978) படத்திலும் நடித்தார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கசெட்டுகள் குவிந்தன, தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டு கடைகளை நிறைத்தது. பிறகு யுத்தம். பாடகர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். நித்தி அவுஸ்திரேலியாவுக்குப் போனார். மனோகரன் ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் தமிழ்நாட்டுப் படங்களில் நடித்தார். 2018 ஜனவரி 22இல் சென்னையில் காலமானார்.

பாட்டுக் கேட்பது சரியா பிழையா என்ற வாதத்துக்கு நாம் வரவில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் பேசுவது வரலாறு. மூன்று சமூகமும் ஒரே மேடைக்கு முன்னால் நின்று கைதட்டிய காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இந்த இசைத்தட்டுகளும் சாட்சி. சாட்சி தொலைந்தால், அப்படி ஒரு காலமே இருக்கவில்லை என்று யாரும் சொல்லலாம். நம் பிள்ளைகளும் நம்பிவிடுவார்கள்.

ஏற்கனவே நிறையத் தொலைந்துவிட்டது. இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தவை, 2004 சுனாமி கொண்டுபோனவை, உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடித்தவை. மிச்சம் இருப்பது நம் வீட்டு அலுமாரிகளுக்கு மேலேதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய இசைத்தட்டு, கசெட் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பழுதான மெசினில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், நாடா சிக்கிவிடும். ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். யாருடையது, எப்போது வாங்கியது என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். எங்களுக்கு அறியத்தந்தால் பிரதி எடுத்துவிட்டு உங்களிடமே திருப்பித் தருவோம்.

ஒன்றுமே இல்லையென்றாலும் பரவாயில்லை. உங்கள் வாப்பாவிடமோ மூத்தாப்பாவிடமோ அந்தக் காலத்துக் காணிவேலில் யார் பாடினார்கள் என்று கேட்டு, கீழே எழுதுங்கள். அடுத்த பாடத்தில் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.