பிரதியும் படைப்பும்

ஓவியக் கல்வியிற் பிரதி செய்தல் இருவேறு விதமாக மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. முன்னோரின் ஆற்றலை வசப்படுத்தும் வழி அதுவே என்பர் ஒரு சாரார். மாணவனின் தனித்துவத்தை அழிக்கும் அடிமைத்தொழில் அது என்பர் மறுசாரார். இவ்விரு கூற்றுக்களையும் சீர்தூக்குவதற்கு, அமெரிக்க ஓவியரான ஜோன் சிங்கர் சார்ஜன்ற், ஸ்பானிய யதார்த்த ஓவியர் வெலாஸ்குவெஸிடம் பயின்ற வரலாறு தக்கதொரு சான்றாகும். ஆசான் 1660இல் மறைந்தவர். மாணவர் 1856இற் பிறந்தவர். இருவரையும் இணைத்தவை ஓவியங்களே.

முன்னோரைப் பிரதி செய்யும் வழக்கம் மிகப் பழையது. 1628இல் மட்ரிட் சென்ற ரூபன்ஸ், அரச சேகரிப்பிலிருந்த டிசியனின் ஓவியங்களைப் பிரதி செய்தார். அப்போது அங்கே அரசவை ஓவியராக இருந்தவர் இளைஞரான வெலாஸ்குவெஸ். ஆயினும் அக்காலத்தில் அரண்மனைச் சுவர்களுக்குள் நுழையும் பேறு சிலருக்கே வாய்த்தது. 1793இற் பாரிஸில் லூவர் நூதனசாலையும், 1819இல் மட்ரிட்டிற் பிராடோ நூதனசாலையும் திறக்கப்பட்டமை இந்நிலையை மாற்றியது. அரசர்க்குரியனவாயிருந்த ஓவியங்கள் மாணவர்க்குப் பாடநூல்களாயின.

1874இற் பாரிஸ் வந்த சார்ஜன்ற், கரோலுஸ் டியூரானின் ஓவியக்கூடத்திற் சேர்ந்தார். கோட்டுருவை நுணுக்கமாக வரைந்து முடித்த பின்னரே வண்ணத்தைத் தொடவேண்டும் என்பது அன்றைய கலைக்கழக மரபு. டியூரானோ தூரிகையாலேயே முகத்தின் தளங்களை உரிய ஒளிநிழல் அளவுடன் நேரடியாகத் தீட்டுமாறு பணித்தார். அவர் தம் மாணவர்க்கு முன்மாதிரியாகக் காட்டியவர் வெலாஸ்குவெஸ். அதன் பயனாக, 1879இற் சார்ஜன்ற் மட்ரிட் சென்று, ‘லாஸ் மெனினாஸ்’ (1656) உள்ளிட்ட பல ஓவியங்களைப் பிரதி செய்தார்.

பிரதி செய்வோன் கற்பது யாது? வெலாஸ்குவெஸின் ஓவியத்திற் சற்று விலகி நின்று நோக்குமிடத்துப் பட்டாகவும் கூந்தலாகவும் தோன்றுபவை, அணுகி நோக்குமிடத்துச் சில தளர்ந்த தூரிகைத் தீற்றல்களாகவே எஞ்சுகின்றன. பார்வையாளன் அதனை வியந்து அகலலாம். பிரதி செய்வோன் அவ்வாறு அகல இயலாது. எந்நிறம் முந்தியது, எது பிந்தியது, எவ்விடத்தில் தூரிகை நின்றது என ஒவ்வொன்றுக்கும் அவன் தன் கையால் விடை காணவேண்டும். எனவே, அவன் பிரதி செய்வது உருவத்தை மட்டுமன்று, ஓவியனின் தீர்மானங்களையுமாம்.

மறுசாராரின் அச்சமும் ஆதாரமற்றதன்று. பிரதியோடு நின்றுவிட்டவர்களை வரலாறு மறந்துவிட்டது. சார்ஜன்ற் அதனோடு நிற்கவில்லை என்பதற்கு 1882இல் அவர் தீட்டிய ‘எட்வேர்ட் டார்லி பொயிற்றின் புதல்வியர்’ சான்றாகும். இருண்ட அறையின் ஆழமும், வெண்ணுடைச் சிறுமியர் மீது படியும் ஒளியும் ‘லாஸ் மெனினாஸை’ நினைவூட்டுவன. ஆனால் இங்கே அரசவை இல்லை. பாரிஸ் வீடொன்றே உண்டு. நால்வருள் ஒருத்தி, ஆளுயர யப்பானியச் சாடியிற் சாய்ந்து, முகத்தை நிழலுள் திருப்பிக்கொள்கிறாள். உருவப்படத்தில் முகத்தையே மறைக்கும் இத்துணிவு எப்பிரதியிலிருந்தும் பெறத்தக்கதன்று.

2010இல் அவ்வோவியம் பொஸ்டனிலிருந்து பிராடோவுக்குக் கொண்டுவரப்பட்டு, ‘லாஸ் மெனினாஸுக்கு’ அருகே வைக்கப்பட்டது. 131 ஆண்டுகளுக்கு முன்னர் பிரதி செய்யும் மாணவராக அம்மண்டபங்களுக்குள் நுழைந்தவரின் படைப்பு, அங்கேயே ஆசானின் படைப்புக்கு அயலில் இடம்பெற்றது. பிரதி அடிமைத்தொழிலா என்னும் வினாவுக்கு அதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.