வேப்பூர் டு வீராணம்: உங்க வீட்டுக் குழாய்த் தண்ணீர் வரும் ஊருக்கு ஒன் டே டிரிப்!

சென்னையில் இருக்கீங்களா? உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு, 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்ததாக இருக்கலாம். கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் வருகிறது. தினமும் 18 கோடி லிட்டர் வரை கொண்டுவரும் திட்டம் அது. அந்த ஏரியை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

டெல்டா என்றதும் எல்லோரும் தஞ்சாவூர், கும்பகோணம் என்று கிளம்பிவிடுவோம். ஒரே நாளில் போய்த் திரும்ப அது தூரம். அதற்கு முன்பே, காவிரி டெல்டாவின் வடக்கு ஓரத்தில் காட்டுமன்னார்கோவில் இருக்கிறது. அதற்கு வேப்பூர், விருத்தாசலம் வழியாகப் போனால், மானாவாரிக் காடு கொஞ்சம் கொஞ்சமாக வயலாக மாறுவதைக் கார் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பலாம்.

எந்த நாள், எந்த மாதம்?

லீவு போட முடிந்தால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அன்றைக்குத்தான் வேப்பூரில் ஆட்டுச் சந்தை. விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளிலும் வேலை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் சந்தையும் இருக்காது, பட்டறைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். கோயிலும் ஏரியும் மட்டும்தான்.

மாதம் என்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை. மழை ஓய்ந்திருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்கும், சம்பா பயிர் பச்சையாகவோ அறுவடைக்குத் தயாராகவோ நிற்கும். நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் மழை எப்படிப் பெய்யும் என்பது தெரிந்ததுதான். வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும்.

அதிகாலை 4 மணி: கிளம்பலாம்

தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை தாண்டி, திருச்சி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது வேப்பூர். சென்னையிலிருந்து சுமார் 220 கி.மீ. நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

மேப் போடும்போது ஒரு விஷயம். பெரம்பலூர் மாவட்டத்திலும் ஒரு வேப்பூர் உண்டு. 'வேப்பூர், கடலூர் மாவட்டம்' என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதே நெடுஞ்சாலையில் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் தெரியவரும்.

வெள்ளிக்கிழமை இல்லையென்றால் வேப்பூர்வரை போக வேண்டியதில்லை. உளுந்தூர்பேட்டையிலேயே பிரிந்து நேராக விருத்தாசலம் போய்விடலாம்.

காலை 8 மணி: வேப்பூர் சந்தை

நெடுஞ்சாலையும் சேலம் - விருத்தாசலம் சாலையும் சந்திக்கிற கூட்டு ரோடுதான் வேப்பூர். நான்கு திசையிலிருந்தும் வண்டி வர வசதி. ஆட்டுச் சந்தை இங்கே வளர்ந்ததில் ஆச்சர்யமில்லை. தீபாவளி, ரம்ஜான், பக்ரீத் நெருங்கும் வாரங்களில் வியாபாரம் கோடிக்கணக்கில் நடந்தது என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

சந்தை விடியும் முன்பே களைகட்டிவிடும். வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். லேட்டாகப் போனால் கயிறும் புழுக்கையும்தான் மிச்சம். ஆடு வாங்கப் போகவில்லை என்பதால் ஓரமாக நின்று பாருங்கள். பேரம் பேசுகிறவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்ட வேண்டாம். 'ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாண்ணே?' என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். குழந்தைகளுக்கு வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வித்தியாசம் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. வால் மேலே தூக்கியிருந்தால் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி.

டிபனை இங்கேயே முடித்துக்கொண்டு விருத்தாசலம் சாலையைப் பிடியுங்கள். மக்காச்சோளம், பருத்தி, இடையிடையே தரிசு. இது மழையை நம்பி விதைக்கிற பூமி. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வேறொரு நிலத்தைப் பார்க்கும்போது இது தேவைப்படும்.

காலை 9.30: விருத்தாசலம் கோயில்

கோயில்கள் மதியம் 12 மணிவாக்கில் நடை சாத்தி, 4 மணிக்கு மேல்தான் திறக்கும். அதனால் முதலில் விருத்தகிரீஸ்வரர் கோயில். திருமுதுகுன்றம், பழமலை என்றெல்லாம் பழைய பெயர்கள். செம்பியன் மாதேவி காலத்தில் கருங்கல்லில் கட்டப்பட்டது. கோபுரம், பிரகாரம், கொடிமரம், தீர்த்தம், நந்தி, தேர் எல்லாமே இங்கே ஐந்து ஐந்து. பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லிவிட்டால் கோயில் முழுக்க அவர்களே உங்களை அழைத்துப்போவார்கள். படியிறங்கிப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரை விட்டுவிடாதீர்கள்.

கோயிலை ஒட்டி ஓடுவது மணிமுக்தாறு. 'ஓடுவது' என்பது மழைக்கால வார்த்தை. மற்ற மாதங்களில் மணலும் செடிகொடிகளும்தான். கல்வராயன் மலையில் பிறந்து, இந்த ஊரைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. சுந்தரர் தனக்குக் கிடைத்த 12,000 பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது கோயில் கதை. 'ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடுற மாதிரி' என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான்.

நேரமிருந்தால், ஊரை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கும் ஒரு எட்டு போய்வரலாம். கடன் திரும்பாதது, பொருள் களவுபோனது என்று தங்கள் குறையை மனுவாக எழுதி 'பிராது' கட்டுவது இங்கே வழக்கம்.

காலை 11 மணி: பீங்கான் பட்டறை

விருத்தாசலத்துக்கு இன்னொரு முகம் செராமிக். இதற்கென்றே தனித் தொழிற்பேட்டையும், அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் இங்கே உண்டு. பொம்மை, கப், அகல் விளக்கு, மின்சாரத்துக்கான பீங்கான் சாமான்கள் என்று பலவும் இங்கே உருவாகின்றன.

ஒரு பீங்கான் பொம்மை உருவாவதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். களிமண்ணை நன்றாக அரைத்து, தண்ணீர் சேர்த்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் கரைக்கிறார்கள். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரமெல்லாம் களிமண் ஒரு தோல் மாதிரி படிகிறது. தேவையான கனம் வந்ததும் நடுவில் இருக்கிற குழம்பைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பொம்மை உள்ளே கூடாக இருப்பதன் ரகசியம் இதுதான். பிறகு அச்சைப் பிரித்து, பிசிறு நீக்கி, காயவைத்து, மெருகுப்பூச்சு கொடுத்து, 1,000 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். காய்வதில் அவசரப்பட்டால் விரிசல். சூட்டில் கணக்குத் தப்பினால் முழுச் சூளையும் நஷ்டம்.

இது வேலை நடக்கும் இடம், சுற்றுலாத் தலம் இல்லை. கேட்டுவிட்டு உள்ளே போங்கள். ஈரப் பொம்மைகளைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடுகளின் மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கானில் 'கிட்காட்' ஃபியூஸ் இருக்குமே, ஞாபகமிருக்கிறதா? இப்போது அந்த இடத்தில் எம்.சி.பி சுவிட்ச் வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடியின் இடத்தை பிளாஸ்டிக் டப்பா பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒவ்வொரு பொருள் மாறும்போதும் இந்த மாதிரி ஊர்களில் ஒரு வேலை குறைகிறது. அதனால் வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். கொலு பொம்மையோ, கார்த்திகை விளக்கோ, நான்கு கப்போ வாங்குங்கள்.

வாங்கும்போது:

- விரலால் சுண்டிப் பாருங்கள். 'கணீர்' என்றால் நன்றாக வெந்தது. 'டொக்' என்றால் எங்கோ விரிசல்.
- வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மெருகில் மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று கவனியுங்கள்.
- சாப்பாட்டுப் பாத்திரம் என்றால், ஈயம் கலக்காத மெருகா என்று கேட்டு வாங்குங்கள். அலங்காரப் பொருளில் சாப்பிட வேண்டாம்.
- பழைய செய்தித்தாளும் ஓர் அட்டைப்பெட்டியும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, காரில் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். டிக்கியில் வைத்தால் ஸ்பீடு பிரேக்கரில் போச்சு.

மதியம் 2 மணி: டெல்டாவுக்குள்

சாப்பாட்டை விருத்தாசலத்தில் முடித்துவிட்டு ஸ்ரீமுஷ்ணம் சாலையில் போங்கள். கொஞ்ச தூரத்துக்கு முந்திரித் தோப்புகள் கூடவே வரும். ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகர் கோயில் இருக்கிறது. குதிரை வீரர் தூண்கள் நிற்கும் நாயக்கர் கால மண்டபம் அங்கே பிரசித்தம். ஆனால், இந்த நேரத்துக்கு நடை சாத்தியிருக்கும். கோயில் முக்கியம் என்று நினைப்பவர்கள் பட்டறையைக் குறைத்துக்கொண்டு, 12 மணிக்குள் இங்கே வந்துவிடுவது நல்லது.

ஸ்ரீமுஷ்ணம் தாண்டினால் மண்ணின் முகம் மாறத் தொடங்கும். மேட்டு நிலம் இறங்கும், வாய்க்கால்கள் தென்படும், காட்டுமன்னார்கோவிலை நெருங்கும்போது எங்கு பார்த்தாலும் நெல். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது கடலூர் மாவட்டத்தில் ஐந்து வட்டாரங்களைச் சேர்த்தார்கள். காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை. விருத்தாசலம் அதில் இல்லை. சட்டம் போட்ட கோட்டை நீங்கள் காரிலேயே கடந்திருக்கிறீர்கள்.

காலையில் வேப்பூரில் மழைக்குக் காத்திருக்கும் நிலத்தைப் பார்த்தீர்கள். இங்கே மேட்டூருக்குக் காத்திருக்கிறார்கள். காவிரி கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. மேலே கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது இந்த வயல்கள்தான்.

மாலை 4 மணி: காட்டுமன்னார்கோவில்

நாலாயிர திவ்யப்பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும், அவருடைய பேரர் ஆளவந்தாரும் பிறந்த ஊர். வீரநாராயணப் பெருமாள் கோயிலை முதலில் பாருங்கள்.

பொன்னியின் செல்வன் ரசிகர் என்றால் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்ததைச் சொல்லும் ராஜராஜன் காலக் கல்வெட்டு இந்தக் கோயிலில்தான் இருக்கிறது. சோமன், ரவிதாசன் என்று பெயரோடு இருக்கிறது. நாவலில் படித்த ரவிதாசன் கற்பனை இல்லை என்பதைச் சுவரில் பார்ப்பது தனி அனுபவம். எழுத்தைக் கையால் தேய்க்காதீர்கள், குங்குமம் பூசாதீர்கள்.

மாலை 5 மணி: வீராணம் கரை

காட்டுமன்னார்கோவிலிலிருந்து லால்பேட்டை வழியாகச் சேத்தியாத்தோப்பு செல்லும் சாலை ஏரிக்கரையை ஒட்டியே போகிறது. கரை சுமார் 16 கி.மீ நீளம். 10-ம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் வெட்டியது. தந்தையின் பட்டப்பெயரால் வீரநாராயண ஏரி. கல்கி தன் கதையை ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவனை இந்தக் கரையில் குதிரையில் வரவைத்துத்தான் தொடங்குகிறார்.

சூரியன் தண்ணீர்ப் பக்கமாக மறையும் என்பதால் மாலை நேரம் அருமையாக இருக்கும். வண்டியை அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். பஸ்ஸும் டிராக்டரும் வேகமாக வரும் சாலை. செல்ஃபிக்காக மதகுச் சுவரில் ஏற வேண்டாம். குளிக்கவும் இறங்க வேண்டாம், ஆழம் வெளியே தெரியாது.

ஏரியின் முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. அதாவது, மேட்டூரில் திறந்த காவிரிதான் இங்கே நிற்கிறது. 40,000 ஏக்கருக்கு மேல் பாசனம் இதை நம்பியிருக்கிறது. சென்னையும் நம்பியிருக்கிறது. ஏரி நிறைந்திருக்கும்போது பிரச்னையில்லை. மட்டம் இறங்கும் வருடங்களில்தான் வயலுக்கா, நகரத்துக்கா என்ற கேள்வி இந்தக் கரையில் எழும். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, 'இந்த வருஷம் தண்ணி எப்படிண்ணே?' என்று கேட்டுப்பாருங்கள். எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாததை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கேட்பது சென்னைக்காரர் என்று தெரிந்தால் ஒரு வார்த்தை சேர்த்தே சொல்வார்கள். கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலை 6.30: வீடு திரும்பும் வழி

சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகச் சென்னை. ஏரித் தண்ணீர் ஏறக்குறைய உங்களோடுதான் வருகிறது. சேத்தியாத்தோப்பில் இறைத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, போரூருக்கு அனுப்புகிறார்கள். வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் பசித்து வந்தவர்களுக்குச் சாப்பாடு உண்டு. பண்ருட்டியில் முந்திரி வாங்கலாம். சீசனில் பலாவும் கிடைக்கும்.

மொத்தம் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். ஒரே ஆள் முழுக்க ஓட்டுவது ஆபத்து. மாற்றி ஓட்ட இரண்டு பேர் இருக்கட்டும், அல்லது டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் விக்கிரவாண்டியில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். வீட்டுக்கு லேட்டாகப் போவதில் தப்பில்லை. கார் வேண்டாம் என்றால், எழும்பூரிலிருந்து விருத்தாசலம் ஜங்ஷனுக்கு ரயிலில் சுமார் 3 மணி நேரம். அங்கிருந்து வாடகை கார் எடுத்து, மாலையில் சிதம்பரத்திலோ விருத்தாசலத்திலோ ரயில் ஏறலாம். அப்படிப் போனால் வேப்பூரை விட்டுவிட வேண்டியிருக்கும். ரயில் நேரங்களை முன்கூட்டியே பார்த்து, திரும்பும் டிக்கெட்டை முதலில் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டும் என்றில்லை. சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் விருத்தாசலம் கோயில், பீங்கான் பட்டறை, வீராணம் கரை என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதை விட்டாலும், ஏரிக்கரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.