'முன்' என்னும் சொல்லும் ஆங்கிலத்தின் 'அகோ'வும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் அமைந்தது. அங்கு வேலை தேடிச் சென்ற தமிழ்வழி மாணவரை நேர்காணல்களில் தடுமாறச் செய்த சொற்களுள் ஒன்று 'முன்'. "மூன்று ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்தேன்" என்பதை அவர்கள் 'பிஃபோர் த்ரீ இயர்ஸ்' என்று ஆங்கிலப்படுத்துவர். எதிரே இருப்பவர் மெல்லச் சிரிப்பார். அச்சிரிப்பைச் சந்தித்தவர் நம்முள்ளும் உண்டு. அப்பிழைக்கு வேர் அறியாமையன்று, தாய்மொழியே என்பதைக் காட்ட விழைகிறோம்.

"1955க்கு முன்" என்கிறோம். "எழுபது ஆண்டுகளுக்கு முன்" என்றும் சொல்கிறோம். முதலாவது காலத்தின் ஒரு புள்ளி. இரண்டாவது காலத்தின் நீளம். இரண்டிலும் அதே 'கு' உருபு, அதே 'முன்'. ஆங்கிலமோ இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களிடம் ஒப்படைத்துவிட்டது.

'பிஃபோர்' என்பதனுள் இருக்கும் 'ஃபோர்' முன்புறத்தையே குறிக்கும். நம் 'முன்'னும் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே சுட்டுவது. ஆகவே மாணவர் செய்த மொழிபெயர்ப்பு சொற்பொருள் அளவில் நேரானதே. 'அகோ'வின் பிறப்பு வேறு. 'கடந்து போன' என்னும் பொருளுடைய பழைய வினையெச்சம் அது. இடைக்கால ஆங்கிலத்தில் 'அகோன்' என வழங்கியது. 'த்ரீ இயர்ஸ் அகோ' எனில் 'மூன்றாண்டுகள் கழிந்தன' என்பதே அதன் உட்பொருள். அதனால்தான் ஆண்டுக்கணக்கு முதலிலும் 'அகோ' அதன் பின்னும் நிற்கின்றன. பேசும் நொடியே அதற்குத் தொடக்கம். வினையும் இறந்தகாலமாகவே வரவேண்டும், 'ஹேவ்' சேராது.

அண்டையிலுள்ள ஆவடியையே சான்றாகக் கொள்வோம். 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் அங்குக் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிச மாதிரிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணி மாநாட்டைக் குறித்தால் 'அகோ'. தொழிற்சாலை எழுந்த ஆண்டிலிருந்து எண்ணி, "அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்" என்றால் 'சிக்ஸ் இயர்ஸ் பிஃபோர் தட்'. எண்ணத் தொடங்கும் இடமே சொல்லைத் தீர்மானிக்கிறது.

இதைக் கற்பிக்க ஒரு கரும்பலகையும் பத்து நிமிடங்களும் போதும். ஆனால் பிழையைச் சுட்டுவதோடு பாடங்கள் நின்றுவிடுகின்றன. அது எங்கிருந்து வந்ததென்று மாணவரிடம் எவரும் சொல்வதில்லை. தம் மொழியின் ஒழுங்கைப் பின்பற்றியே தாம் பிழைத்தோம் என்று அறிந்த மாணவர், அடுத்த நேர்காணலில் கூசாமல் வாய்திறப்பார். நம் நண்பர்கள் இனி அப்பிழையைக் கேட்க நேர்ந்தால், சிரிப்பதற்கு முன் இவ்வரலாற்றைச் சொல்வார்களாக.