செம்மணல் காட்டுல ஒரு அய்யனார் - உங்க குலதெய்வம் எது?



பாலைவனம்னு சொன்னா நமக்கு ராஜஸ்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டுலயும் பாலைவனம் மாதிரி ஒரு இடம் இருக்கு. திருச்செந்தூர் முருகனைப் பார்க்க ரஹாங்கிலிருந்து எத்தனையோ பேர் போய் வந்திருக்கோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்துலதான் அது. பேரு தேரிக்காடு. ரத்தச் சிவப்பு மணல் மேடு மேடாக் கிடக்கும். அதன் நடுவுல சின்ன ஊரு, தேரிக்குடியிருப்பு. அங்க குடியிருக்கிறவர் கற்குவேல் அய்யனார்.

முதல்ல மணல் கதை. ஆடிக்கு முன்னும் பின்னும் அடிக்கிற தென்மேற்குக் காத்து, ஆரல்வாய்மொழி கணவாய் வழியாப் புகுந்து வரும். இன்னைக்கு முப்பந்தல்ல காத்தாடி ஓட்டி கரண்டு எடுக்கிறாங்களே, அதே காத்துதான். அது உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக்கிட்டு வந்து கடலோரத்துல கொட்டிக் கொட்டி மேடாச்சு. சிவப்புக்குக் காரணம் மணல் மேல ஒட்டியிருக்கிற இரும்புத் துரு. ஃபேக்டரியில இரும்போட மல்லுக்கட்டுற எங்களுக்கு அந்த நிறம் பழகின நிறம்தான்.

ராஜஸ்தான்ல மழையே குறைவு. இங்க மழை பெய்யும், ஆனா தண்ணி மேல நிக்காது, மணல் குடிச்சிடும். குடிச்ச தண்ணி மேட்டோட அடியில ஊற்றா வெளிய வரும். அதனாலதான் பக்கத்துலயே இன்னொரு சாமிக்கு அருஞ்சுனை காத்த அய்யனார்னு பேரு. வறண்ட பூமியில சுனையைக் காக்கிறவரே தெய்வம்.

ஊரு பழசு, மனுசன் அதைவிடப் பழசு. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டுலயே இந்தத் தேரிப் பக்கம் நகம் அளவுக்குச் சின்னக் கல் கருவிகளைக் கண்டெடுத்தார். 1956ல் சொய்னர், ஆல்சின் என்ற இரண்டு அறிஞர்கள் அதை விரிவா ஆராய்ஞ்சு எழுதினாங்க. ஏறக்குறைய 6000 வருசம் இருக்கும்னு அவங்க கணிப்பு.

அந்த மண்ணுல நெல் விளையாது. பனைதான் சோறு போட்டது. விடியறதுக்கு முன்னாடி மரம் ஏறி, பாளையைச் சீவி, கலயத்துல பதநீர் இறக்கணும். புளிக்காம இருக்க கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுவாங்க. நம்ம தாத்தா பாட்டியும் இருட்டோட எழுந்து பால்மரம் வெட்டினவங்கதானே? பால் உறையாம இருக்க அமோனியா ஊத்தினோம். மரம் வேற, பாடு ஒண்ணு. அந்தப் பதநீரைக் காய்ச்சினதுதான் உடன்குடி கருப்பட்டி.

அங்க பக்கத்து ஊர் காயாமொழி. 1905ல் அங்க பிறந்தவர் சி. பா. ஆதித்தனார். சிங்கப்பூர்ல வக்கீலா இருந்துட்டு ஊர் திரும்பி, 1942ல் மதுரையில தினத்தந்தியைத் தொடங்கினார். நம்ம கடல் அவருக்கும் தெரிஞ்ச கடல்தான்.

இப்போ சாமிகிட்ட வருவோம். கற்குவா மரத்துல தோன்றினதால கற்குவேல் அய்யனார்னு தலவரலாறு சொல்லும். கார்த்திகை மாசத் திருவிழா முடிவுல ‘கள்ளர் வெட்டு’ நடக்கும். தேரி மணல்ல இளநீரை வைச்சு வெட்டுவாங்க. தண்ணி சிந்தின மணலை அள்ள கூட்டம் முண்டியடிக்கும். அந்தப் பிடி மண்ணை வீட்டுல, கடையில, வயல்ல வைச்சா சாமி காவல் நிக்கும்னு நம்பிக்கை. பங்குனி உத்திரத்துக்கும் வெளியூர்ல பிழைக்கப் போனவங்க குடும்பத்தோட அய்யனாரைத் தேடி வந்து பொங்கல் வைப்பாங்க. தன் சாத்தா எது, எந்தக் கோயில்னு அங்க சின்னப் பிள்ளையும் சொல்லும்.

நம்ம பிள்ளைங்க சொல்லுவாங்களா?

இதைத்தான் நாங்க கேட்க வந்தோம். நம்ம எல்லாரும் தேரிக்காட்டுலயிருந்து வந்தவங்க இல்ல. திருச்சி, சேலம், தஞ்சாவூர்னு பல ஜில்லா. கங்காணியோட கப்பல் ஏறி நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு வந்தவங்க கையில சொத்து இல்ல, மனசுல சாமி இருந்தது. லயத்துக்குப் பக்கத்துல ஒரு கல், ஒரு சூலம் நட்டு முனீஸ்வரரா, மதுரைவீரனா, காளியம்மாவா கும்பிட்டாங்க. 1938ல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புறதை நிறுத்தினதும் போக்குவரத்து குறைஞ்சது. அப்புறம் கடிதமும் நின்னது. பின்னாடி தோட்டமும் வித்துப் போய், வீடமைப்பு வந்து, கோயிலும் இடம் மாறினது. கோயிலை மாத்திக் கட்டிட்டோம். ஊர்ப் பேரை மறந்தா அதைத் திருப்பிக் கட்ட முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுல பெரியவங்க இருந்தா இந்த வாரமே கேளுங்க: எந்த ஜில்லா, எந்த ஊரு, குலதெய்வம் எது, பக்கத்துல என்ன ஆறு, என்ன கோயில். போன்ல பேச்சைப் பதிவு பண்ணி வைங்க. பழைய பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரம் இருந்தா எடுத்துப் பாருங்க. ஒண்ணு கவனிக்கணும், ஜில்லாப் பேரெல்லாம் மாறிப் போச்சு. தேரிக்குடியிருப்பே முன்னாடி திருநெல்வேலி ஜில்லா, 1986லதான் தூத்துக்குடி ஆனது. சேலத்துலயிருந்து நாமக்கல் 1997ல் பிரிஞ்சது. பழைய பேரை வைச்சுத் தேடினா வழி தப்பும், தாலுகாவையும் கிராமத்தையும் பிடிங்க.

தெரிஞ்சதை எழுதிக்கிட்டு வெள்ளிக்கிழமை பூசைக்கு வாங்க. தெரியாதவங்களும் வாங்க, கூட உட்கார்ந்து தேடலாம். கோயில்ல ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கோம், உங்க குடும்பத்துக்கு ஒரு பக்கம் காலியா இருக்கு.

அய்யனார் துணை.